தேனழித்தலும் தேனீ வளர்த்தலும்

1. தோற்றுவாய்

தூத்துக்குடிக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்த மாணவர், சங்கப் பாட்டில் 'இறால்' என்னும் சொல்லை முதன்முதற் காணுங்கால், அவர் நினைவிற்கு வருவது வலையிற் படும் இறாலேயாம். ஆங்கு அச்சொல்லுக்குத் தேன்கூடு என்பதே பொருள் என்று ஆசிரியர் உரைத்த பின்னரே பாட்டு விளங்கும். இச்சொல் மிகப் பழமையானது. தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் 'தேன்' என்னும் சொல்லின் புணர்ச்சிக்குத் தனியே விதி வகுத்தார். 'இறால்' வருமொழியாய் நிற்கும்போது 'தேனிறால்' என இயல்பாகவும், 'தேத்திறால்' எனத் தகரம் மிக்கும் வரும் என்பது அவர் கருத்து. இலக்கண ஆசிரியர் தனி விதி கூற வேண்டிய அளவிற்கு அத்தொடர் வழக்கில் ஊன்றியிருந்தது என்பது இதனாற் போதரும்.

தேனைப் பற்றிய சொற்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் பெயர்ச் சொற்களையே ஆராய்ந்தனர். தேன், நறவு, பிரசம், தேறல் எனவும், வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு எனவும் பெயர்களைத் தொகுத்தலோடு அவ்வாராய்ச்சி நின்றுவிடும். இக்கட்டுரையோ வினைச்சொல் ஒன்றைப் பற்றியது. தமிழர் தேனை என்ன செய்தனர், இன்று என்ன செய்கின்றனர் என்பதை அவ்வினைச்சொல்லின் வரலாறு காட்டும். தேன் மலைக்கு உரியது; எனினும் இவ்வாராய்ச்சியை முத்துக் கரையினின்று தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அது கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

2. 'அழித்தல்' என்னும் வினை

குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களை எண்ணும் அகப்பொருள் இலக்கண நூலார், அத்திணைக்குரிய தொழில்களுள் தினைப்புனம் காத்தலையும் கிழங்கு அகழ்தலையும் தேன் அழித்தலையும் கூறுவர். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்திலும் தேனுக்கு உரிய வினை 'அழித்தல்' என்பதே. மூன்று பொருள், மூன்று வினை. தினை வித்தி விளைப்பது. ஆதலின் அதனைக் காக்கின்றனர். கிழங்கு தானே விளைந்து மண்ணுள் மறைந்து கிடப்பது, ஆதலின் அகழ்கின்றனர். தேனையோ அழிக்கின்றனர்.

இச்சொல் வெற்றுச் சொல் அன்று. செயலின் இயல்பை உள்ளவாறே உரைப்பது. தேன் இருப்பது மெழுகால் ஆகிய அடையில். அவ்வடையிலேயே முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் உள. தீயும் புகையும் காட்டி ஈக்களை ஓட்டி, அடையை அறுத்துப் பிழிந்தால், தேனுடன் அக்குடியின் மனையும் மகவும் ஒருங்கே கெடும். ஆகவே தேன் கொள்ளுதலும் கூட்டை அழித்தலும் பண்டு ஒரே செயலாய் இருந்தன. 'தேனெடுத்தவன் புறங்கையை நக்காதிருப்பானா' என்னும் பழமொழியும் எடுப்பவனையே நோக்குகிறது. எடுக்கப்பட்ட கூட்டின் நிலையை அது கருதவில்லை.

நெய்தல் நிலத்து வினைகளை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு 'விளை'கிறது. கடல் நீரைப் பாத்தியிற் பாய்ச்சி, வெயிலிற் காயவிட்டு, வாரிக் குவிப்பதனை உழவின் சொல்லாலேயே குறிக்கின்றனர். சங்கப் பாட்டிலும் உப்பு விளைபொருளே. முத்தோ 'குளித்து' எடுக்கப்படுவது. உப்பிற்கு விளைத்தல், முத்திற்குக் குளித்தல், தேனுக்கு அழித்தல் என வினைகள் வேறுபட நின்றதற்குக் காரணம், அவ்வப் பொருளோடு மனிதன் கொண்ட உறவு வேறுபட்டமையே.

3. உழாது பெறும் பயன்

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியபோது கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு (109) ஈண்டு நினைக்கத்தக்கது. உழவர் உழாமலே அம்மலை நான்கு பயன்களைத் தரும் என்கிறார் கபிலர். மூங்கில் நெல்லும் பலாப்பழமும் வள்ளிக் கிழங்கும் முதல் மூன்று; நான்காவது தேன். 'உழாதது' என்னும் அடை தேனின் பண்டைய நிலையை வரையறுக்கிறது. அது மலை தரும் கொடை. மனித முயற்சியால் விளைவது அன்று.

ஆயினும் எடுத்தற்கு முயற்சி வேண்டும். மலைபடுகடாம், குரங்கும் ஏறமாட்டாத நெடிய மலையில் மூங்கிலாற் செய்த கண்ணேணியை வழியாகக் கொண்டு கானவர் தேன் கொண்டதைக் கூறுகிறது. அவ்வேணிக்கு 'மால்பு' என்பது பெயர். ஆங்குக் கிடைத்த தேனைக் 'கொள்ளை' என்னும் சொல்லாற் புலவர் குறிக்கிறார். அச்சொல்லுக்கு இன்றுள்ள இழிபொருள் அங்கு இன்று. கொள்ளப்பட்ட மிகுதி என்பதே பொருள். எனினும் அடுத்த அடியிலேயே பகைவர் அரணை எறிந்த கானவரின் உவகை பேசப்படுகிறது. தேன் கொள்ளுதலும் அரண் கொள்ளுதலும் புலவர் உள்ளத்தில் அருகருகே நின்றன எனலாம். குறுந்தொகையில் (60) பரணர், உயர்ந்த மலையிலுள்ள பெருந்தேனைக் கண்ட முடவன், ஏற இயலாதவனாய்க் கீழிருந்தே கையைக் குவித்துச் சுட்டி நக்கி மகிழும் காட்சியை உவமையாக்கினார். அவ்வுவமைக்கு உயிராய் இருப்பது, தேன் எட்டாத உயரத்துப் பொருள் என்னும் அக்காலத்து உண்மையே.

இப்பாட்டுகளிற் பேசப்படும் பெருந்தேன், பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயின் தேன் எனக் கொள்ளுதல் பொருந்தும். மலைத்தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்த்தல் இன்றும் இயலாது. ஆதலின் நம் முன்னோர் தேனை உழாப் பயன் என்றது அறியாமையால் அன்று. அவர் அறிந்த ஈயின் இயல்பு அது.

பிற நாடுகளில் வேறுவகை ஈக்கள் வாழ்ந்தமையால் வேறுவகை வரலாறு தோன்றிற்று. எகிப்தில் நியுசெர்ரே மன்னனின் கதிரவன் கோயிற் சிற்பத்தில், கி. மு. 2400-ஐ ஒட்டிய காலத்திலேயே, கிடத்திய மண்கலங்களினின்று தேன் கொள்ளும் காட்சி உள்ளது. நம் நாட்டிலும் காசுமீரம் முதலிய இமயச் சார்பு நிலங்களில் வீட்டுச் சுவரிற் பொந்து அமைத்துத் தேனீயைக் குடியேற்றும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

4. நெய்தற்கு வந்த தேன்

நெய்தற் பாட்டுகளில் வண்டுகள் இல்லாமல் இல்லை. புன்னையிலும் ஞாழலிலும் தாழையிலும் அவை ஊதுகின்றன. ஆனால் தேனிறாலைப் பாடும் இடங்கள் பெரிதும் குறிஞ்சிக்கே உரியன. கடற்கரை மாந்தர்க்குத் தேன் மலையினின்றே வந்தது. அது வந்த வழியை முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையிற் காட்டுகிறார். தேனையும் கிழங்கையும் கொணர்ந்து மாற்றியவர் மீன்நெய்யையும் நறவையும் பெற்றுச் சென்றனர் என்பது அவர் தரும் செய்தி. அது கரிகாலன் ஆண்ட சோழநாட்டைப் பற்றியதேனும், மலையும் கடலும் பண்டம் மாற்றிக்கொண்ட முறைக்குத் தக்க சான்றாகும்.

பாண்டி நாட்டில் மலைக்கும் கடலுக்கும் இடையே பொருநை ஓடுகிறது. அதன் கழிமுகத்தில் இருந்த கொற்கையின் முத்தை மதுரைக் காஞ்சி பாராட்டுகிறது. கி. பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்செலவு நூலாகிய பெரிப்ளூசு, கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக்கொண்டு முத்துக் குளிக்கச் செய்தனர் என்கிறது. ஆற்றின் தலையில் தேன்; அதன் கடைமுகத்தில் முத்து. இரண்டும் உழாது பெறும் பொருள்கள், இரண்டும் உயிர்ப்பொருள்கள், இரண்டையும் கொள்வதற்கு உயிரின் உறைவிடத்தை உடைத்தல் வேண்டும். சிப்பியைப் பிளவாமல் முத்தில்லை. அடையை அழியாமல் தேனில்லை.

5. பெட்டி வந்த வரலாறு

தேனை அழியாமல் தேன் கொள்ளலாம் என்னும் நிலை 19-ஆம் நூற்றாண்டிற் பிறந்தது. 1851-இல் அமெரிக்கராகிய லாங்சுட்ராத்து ஒரு சிறு உண்மையைப் பயன்படுத்தினார். அடைகளுக்கு இடையிலும் சுவரை ஒட்டியும் ஏறத்தாழ முக்கால் விரலுக்கும் குறைந்த ஓர் இடைவெளியைத் தேனீ தன் போக்குவரவிற்காக விட்டுவைக்கும். அதனை மெழுகாலும் பிசினாலும் அடைக்காது. அவ்விடைவெளியை அளந்து மரச்சட்டங்களைத் தொங்கவிட்டால், ஈ ஒவ்வொரு சட்டத்திலும் தனித்தனியே அடை கட்டும். சட்டத்தை எடுக்கலாம், பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். 1865-இல் ருசுக்கா என்பவர் அடையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரிக்கும் பொறியைக் கண்டார். வெற்றடை மீண்டும் பெட்டிக்குள் சென்றது. ஒரு பங்கு மெழுகு சுரக்க ஈ பன்மடங்கு தேனை உண்ண வேண்டும். ஆதலின் அடை காக்கப்பட்டதனால் தேனும் மிகுந்தது. இவ்விரு கண்டுபிடிப்புகளோடு 'அழித்தல்' என்னும் வினை தேவையற்றதாயிற்று.

தமிழ்நாட்டிற்கு இம்முறை வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த இயேசு சபைத் துறவி நியூட்டன், 1911 முதல் 1917 வரை ஊரகத்தார் பலர்க்குத் தேனீ வளர்க்கப் பயிற்சி அளித்தார். மேலை நாட்டுப் பெட்டி நம் நாட்டு ஈக்குப் பெரிது. நம் ஈயின் உடலும் குடியும் சிறியன. ஆகவே அவர் அதற்கு ஏற்ற சிறு பெட்டியை வகுத்தார். நியூட்டன் பெட்டி என அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. 1928-இல் அரச வேளாண்மை ஆணைக்குழுவும் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக வளர்க்குமாறு பரிந்துரைத்தது.

இப்பெட்டி வேரூன்றிய இடம், தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, அந்நாளில் திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்த மார்த்தாண்டம். ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகப் பணிக்காக வந்த அமெரிக்கர் இசுப்பென்சர் ஆட்ச்சு, 1920-களில் ஆங்கு நிறுவிய பயிற்சி நிலையத்தில் கோழி வளர்ப்பு முதலியவற்றோடு தேனீ வளர்ப்பையும் கற்பித்தார். நிலம் சிறிதும் இல்லாதவரும் வீட்டுப் புறத்தில் பெட்டி வைக்கலாம் என்பதே அத்தொழிலை அவர் தேர்ந்தமைக்குரிய சிறப்பு. 1937-இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அப்பகுதி 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தபோது, பெட்டித் தேன் அங்கு ஒரு தலைமுறைத் தொழிலாய் முதிர்ந்திருந்தது. ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பிற் சுரக்கும் இன்னீர் ஆண்டின் முதல் மாதங்களில் அங்குள்ள ஈக்களுக்குப் பெருவிருந்தாகிறது. குறிஞ்சிப் பூவினின்று பெருந்தேன் இழைத்த நாட்டைக் குறுந்தொகை பாடிற்று. இன்று பூவும் அல்லாத இலைக்காம்பினின்று தேன் விளைகிறது.

6. வளர்ப்பின் முதற்பாடம்

இலக்கியம் கற்போர்க்கு இத்தொழிலின் அடிப்படை தெரிந்திருத்தல் நன்று. அது தெரிந்தாலன்றி வினைச்சொல்லின் மாற்றம் விளங்காது. தமிழகத்துத் தேன் தரும் ஈக்கள் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொட்டாத சிறு கொசுத்தேனீ, பின்னர் வந்த இத்தாலியத் தேனீ என ஐவகை. முதலிரண்டும் வெளியில் ஒற்றையடை கட்டுவன; பெட்டிக்கு இசையா. மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் இருளிற் பல அடைகளை அடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீயே நம் நாட்டு வளர்ப்பு ஈ. பெட்டி என்பது அளந்து செய்த பொந்தேயாம்.

ஒரு குடியில் இராணி ஒன்று, பணித்தேனீக்கள் பல்லாயிரம், பருவத்தில் ஆண் ஈக்கள் சில நூறு. முட்டையிடுதல் இராணியின் தொழில். அடை கட்டல், புழு ஓம்பல், காவல், இரை தேடல் ஆகிய யாவும் பணித்தேனீயின் தொழில்கள். பெட்டியின் கீழ்ப்பகுதி புழு அறை. மேற்பகுதி தேன் அறை. தொடங்குவோர் கற்க வேண்டிய முதல் நெறி இவ்விரண்டையும் பிரித்தறிதலே. தேன் கொள்ளுதல் மேலறையில் மட்டும் நிகழ வேண்டும்; அதுவும் கண்ணறைகளிற் பெரும்பாலானவற்றை ஈ மெழுகால் மூடிய பின்னரே. மூடாத தேன் நீர்த்தது, எளிதிற் புளிக்கும். கீழறைத் தேன் குடிக்கு உரியது.

பெட்டியை நிழலில், காற்றின் வேகம் தாக்காத இடத்தில் வைக்க வேண்டும். எறும்பு ஏறாதவாறு தாங்கியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். அருகில் நன்னீர் வேண்டும். வெயில் மிக்க கரைநாட்டில் இது இன்றியமையாதது, ஈ அந்நீரைக் கொணர்ந்தே கூட்டைக் குளிர்விக்கும். கிழமைக்கு ஒருமுறை மெல்லப் புகை காட்டித் திறந்து, இராணி முட்டையிடுகின்றதா, மெழுகு அந்துப்பூச்சி புகுந்துளதா எனப் பார்த்தல் வேண்டும். அடையின் கீழ் விளிம்பில் இராணி அறைகள் தொங்கினால், குடி இரண்டாகப் பிரியப் போகிறது என்று அறிக. பூவற்ற காலத்தில் சருக்கரைப் பாகு ஊட்ட வேண்டும். பண்டைக் கானவன் தீயோடு ஒருநாள் சென்றான். இன்றைய வளர்ப்போன் ஆண்டு முழுவதும் உடன் வாழ்கிறான்.

தேன் இத்தொழிலின் சிறு பயனே. பூவில் மகரந்தம் சேர்த்தல் பெரும்பயன். தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளின் முருங்கையும், கரிசற்காட்டுச் சூரியகாந்தியும் பருத்தியும், ஈயும் வண்டும் வந்து ஊதினாற் காய்ப்பும் மணியும் சிறக்கும் பயிர்கள். பூக்கும் பருவத்தில் பகலில் நச்சு மருந்து தெளித்தால், அண்டை வீட்டார் பெட்டியும் தன் வயலின் விளைவும் ஒருசேரக் குறையும்.

7. முத்துக் கரையின் படிப்பினை

முத்துக் கரையினின்று தொடங்கியதன் காரணத்தை இனிக் கூறுவல். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திடலைப் 'பார்' என்றும், முத்துக்குளிப்புப் பருவத்தைச் 'சலாபம்' என்றும் வழங்குவர். சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வது அன்று. அரசினர் பார்களை ஆய்ந்து, சிப்பி முதிர்ந்தது கண்ட பின்னரே குளிக்க விடுவர். எனவே அங்குக் காலவரையறை இருந்தது. ஆனால் வளர்ப்பு இல்லை. சிப்பி ஏன் சில ஆண்டு பெருகுகிறது, ஏன் பல ஆண்டு மறைகிறது என்பது பாரைக் காத்தோர்க்கும் கட்டுப்படாததாகவே இருந்தது. 1955-இல் தொடங்கிய சலாபத் தொடர் 1961-இல் முடிந்தது. கொற்கை நாள்தொட்டு வந்த தொழில் அதன்பின் தூத்துக்குடியில் நிகழவில்லை.

அவ்வூரிலேயே 1973-இல், நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், அழகர்சாமி என்னும் அறிஞரின் முயற்சியால், சிப்பியுட் கரு வைத்து முத்தை விளைவித்தனர். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிக்கச் செய்தனர். முத்திற்கும் 'வளர்ப்பு' என்னும் சொல் வந்து சேர்ந்தது. ஆனால் அது வந்தபோது பாரில் சலாபத்திற்குச் சிப்பி இல்லை. தேனிலோ மலைத்தேன் கிடைத்துக்கொண்டிருந்த நாளிலேயே பெட்டி வந்துவிட்டது. எடுக்கும் பொருள் தீருமுன் பேணும் கலையைக் கற்றல், தீர்ந்தபின் கற்றல் என்னும் இரு வரலாறுகளை, ஒரே தென்கோடியில், ஒரே நூற்றாண்டிற் காண்கிறோம்.

ஆயினும் பெட்டி மட்டும் போதாது என்பதையும் வரலாறு காட்டிற்று. 1991-இலும் அடுத்த ஆண்டிலும் தாய்லாந்துச் சாக்புரூடு என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டு அடுக்குத்தேனீக் குடிகளைத் தாக்கியது. புழு, கூட்டுப்புழு ஆகுமுன்னரே, தோல் பையாகி உள்ளே நீராய் மடியும். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டிகளிற் பெரும்பாலானவை வெறுமையாயின. தப்பிய குடிகளினின்றே தொழில் மெல்ல மீண்டது.

8. முடிவுரை

இந்நிலையில் கபிலரின் மற்றொரு பாட்டு புதுப்பொருள் தருகிறது. குறிஞ்சிக்கலியில் (கலித்தொகை 39) தோழி, மலைவாழ்நர் அறமல்லாதன செய்து ஒழுகுவராயின் வள்ளிக்கிழங்கு நிலத்தில் வீழாது, மலைமிசைத் தேனீ இறால் வையாது, தினையும் கதிர் ஈனாது என்கிறாள். பறம்பைப் பாடியபோது உழாப் பயன் எனப்பட்ட அதே கிழங்கும் தேனும் இங்கு மக்கள் ஒழுக்கத்திற்குக் கட்டுப்பட்ட பயன்களாகின்றன. உழாதது என்பதற்குப் பொறுப்பற்றது என்பது பொருளன்று என இவ்விரு பாட்டும் சேர்ந்து உணர்த்துகின்றன.

அகநானூற்றின் நான்காம் பாட்டிற் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூந்தாதை உண்ணும் வண்டுகள் துணையோடு இருக்கும் நிலையில் அஞ்சிக் கலங்கும் என்று கருதித் தன் தேர்மணியின் நாவைக் கட்டி வருகிறான். அவன் தேனீ வளர்ப்பவன் அல்லன். பெட்டியும் சட்டமும் அறியாதவன். ஆயினும் வளர்ப்பிற்கு வேண்டிய முதற்பண்பு, அதாவது நம் செயல் அவ்வுயிரை எங்ஙனம் தாக்கும் என்று முன்னரே எண்ணும் பண்பு, அவனிடம் உளது.

ஆகவே 'தேனழித்தல்' என்னும் இலக்கண வழக்கு 'தேனீ வளர்த்தல்' ஆயதனை மேலைநாட்டுக் கருவி ஒன்றால் நேர்ந்த சொன்மாற்றம் என்று மட்டும் கொள்ளுதல் குறையாகும். கருவி திருச்சிராப்பள்ளிக்கும் மார்த்தாண்டத்திற்கும் வெளியினின்று வந்தது. அதனை ஏற்பதற்குரிய உள்ளம் முல்லைப் பாட்டிலும் குறிஞ்சிப் பாட்டிலும் முன்னரே இருந்தது. திணைக்குரிய தொழில்களைத் தொகுத்த இலக்கணத்தார் அழித்தலை மட்டும் எழுதி வைத்தனர்; மணி நாவைக் கட்டிய தலைவனின் செயல் தொழிற்பெயர் எதனையும் பெறவில்லை. அப்பெயர் பெறாச் செயலையும் சேர்த்து நோக்கினாலன்றித் தமிழர் தேன் வரலாறு நிறைவுறாது. முதுகலை மாணவர் கருப்பொருட் பட்டியல்களைப் பெயர்களால் மட்டுமன்றி வினைகளாலும் ஆராய்வாராயின், இத்தகைய செய்திகள் மேலும் பல வெளிப்படும்.